ஞாயிறு முடிந்தும் ஓயாத காதிரைச்சல்

வாசகி கேள்வி:

அன்பின் மிஸ், எனக்கு 34 வயது. பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் முன்பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். எங்கள் கிறிஸ்தவ சபையில் ஆறு வருடமாகப் பாடல் குழுவில் பாடுகிறேன். மண்டபம் சிறியது. நூறு பேர் வந்தால் நிறைந்துவிடும். தகரக் கூரை, சீமெந்துச் சுவர். முன்பு ஒரு கீபோர்டும் கைத்தாளமும் மட்டும்தான் இருந்தன. இரண்டு வருடத்துக்கு முன் ட்ரம்ஸ் செட், பேஸ் கிட்டார், நான்கு பெரிய ஸ்பீக்கர் பொக்ஸ் எல்லாம் வந்தன. என் 12 வயது மகன் ட்ரம்ஸ் பழகுகிறான்.

ஞாயிறு பாட்டு மட்டும் ஒன்றேகால் மணித்தியாலம். முடிந்து வீட்டுக்கு வந்தால் காதுக்குள் ‘கொய்ங்’ என்று ஒரே இரைச்சல். முன்பு இரவோடு போய்விடும். இப்போது திங்கள் பின்னேரம் வரை இருக்கிறது. வகுப்பில் பிள்ளை ‘தட்டு’ என்கிறதா ‘பட்டு’ என்கிறதா என்று இரண்டாம் தரம் கேட்க வேண்டியிருக்கிறது. தொண்டையும் கட்டிக்கொள்கிறது. 71 வயது மாமியார், “பாட்டு நேரம் நெஞ்சு படபடக்குது, பிரசங்கம் ஒன்னும் விளங்கல” என்று வீட்டிலேயே இருந்துவிடுகிறார். தம்பி ஃபோனில் சத்தத்தை அளந்தபோது 95, 98 டெசிபல் என்று காட்டியது.

பாஸ்டரிடம் மெதுவாகச் சொன்னேன். நல்ல மனிதர். வேதாகமத்தின் சங்கீதத்திலேயே பேரோசைக் கைத்தாளம் வருகிறதே, இளம் பிள்ளைகள் இந்த இசைக்காகத்தானே வருகிறார்கள் என்றார். ஜெபக்குழு அக்கா ஒருவர், இது சத்துருவின் தடை, உபவாசம் இருங்கள் என்றார். எனக்கு விசுவாசம் குறைந்துவிட்டதா, அல்லது காதில் ஏதும் வருத்தமா? பாடுவதை விட வேண்டுமா? மகனை நிறுத்த வேண்டுமா?

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அதை மனதில் வைத்துக்கொண்டு எத்தனை இரவு தூங்காமல் கிடந்தீர்களோ. பாடுவதை விட வேண்டாம். மகனையும் நிறுத்த வேண்டாம். உங்கள் விசுவாசத்தில் ஒரு குறையும் இல்லை. காது அடிபட்டிருக்கிறது, அவ்வளவுதான். அடிபட்ட கால் வீங்குகிற மாதிரி அடிபட்ட காது இரைகிறது. உபவாசம் உங்களுக்கும் ஆண்டவருக்கும் இடையில் உள்ள விஷயம், அதில் நான் தலையிடவில்லை. ஆனால் உபவாசம் இருந்துவிட்டு அடுத்த ஞாயிறும் அதே ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் போய் நின்றால் காது திரும்பவும் இரையத்தான் செய்யும்.

நானும் தோட்டத்துப் பிள்ளைதான். தலவாக்கலைப் பக்கம் லயத்தில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தேன். அப்பா தேயிலை ஸ்டோரில், அதாவது தொழிற்சாலையில், ரோதை இயந்திரம் ஓடும் இடத்தில் 30 வருடம் வேலை செய்தவர். கடைசிக் காலத்தில் அம்மா பக்கத்திலிருந்து கூப்பிட்டாலும் அவருக்கு விளங்காது. உரக்கச் சொன்னால், “ஏன் இப்படிக் கத்துற?” என்று கோபம் வரும். நாங்கள் அவருக்குப் பிடிவாதம் என்று நினைத்தோம். கேளாததும், கேட்டால் வலிப்பதும் ஒரே பாதிப்பால் வருபவை என்பது, காது பரிசோதிக்கும் இந்தத் தொழிலைப் படிக்க வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அதனால் உங்கள் மாமியாரைப் பற்றி எழுதிய வரியை நான் சும்மா வாசித்துவிட்டுப் போகவில்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

உள்காதில் நத்தை ஓடு போலச் சுருண்ட ஓர் உறுப்பு இருக்கிறது. அதற்குள் ஒரு காதுக்கு ஏறக்குறைய 15,000 மயிர்க்கலங்கள். சத்தம் வந்து சேரும்போது இவற்றின் தலையில் உள்ள நுண்மயிர்கள் அசையும், அந்த அசைவுதான் நரம்பு வழியாக மூளைக்குப் போய் நமக்குப் பாட்டாகவும் பேச்சாகவும் கேட்கிறது. பெருஞ்சத்தம் நெடுநேரம் அடித்தால் அந்தக் கலங்கள் சோர்ந்துவிடும். ஓய்வு கிடைத்தால் அநேகமாக ஒரு நாளுக்குள் தேறிவிடும். உங்களுக்குக் கவ்வாத்து என்று சொன்னால் உடனே புரியும். கவ்வாத்து வெட்டிய செடி மொட்டையாக நின்றாலும் திரும்பத் துளிர்க்கும், வேரோடு பிடுங்கிய செடி துளிர்க்காது. மனிதக் காதில் செத்த மயிர்க்கலம் மறுபடி முளைப்பதில்லை. அதற்கு மருந்தும் இல்லை, சத்திரசிகிச்சையும் இல்லை. முன்பு இரவோடு போன இரைச்சல் இப்போது திங்கள் பின்னேரம் வரை நிற்கிறது என்றீர்களே, உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்த வரி அதுதான். துளிர்க்க எடுக்கும் காலம் நீண்டுகொண்டே போகிறது.

இரைச்சல் நின்றுவிட்டால் எல்லாம் சரியாகிவிட்டது என்றும் எடுத்துக்கொள்ள முடியாது. 2009இல் அமெரிக்காவில் ஷரன் குஜாவா, சார்ல்ஸ் லிபர்மன் என்ற இரு ஆய்வாளர்கள் எலிகளைப் பெருஞ்சத்தத்தில் வைத்துப் பார்த்தார்கள். இரண்டு வாரத்துக்குள் எலிகளின் கேட்கும் அளவு பழையபடி வந்துவிட்டது, மயிர்க்கலங்களும் உயிரோடு இருந்தன. ஆனால் அந்தக் கலங்களை நரம்போடு இணைக்கும் முனைகளில் பல அழிந்துபோயிருந்தன. அது எலியில் கண்டது. ஆனாலும் அதைப் படித்த நாளிலிருந்து, “ரெண்டு நாள்ல போயிடும், விடுங்க” என்று நான் யாருக்கும் சொல்வதில்லை.

அப்புறம் அந்தத் தட்டு, பட்டு. சத்தத்தால் முதலில் அடிபடுவது 3,000 முதல் 6,000 ஹேர்ட்ஸ் வரையான மேல் சுருதிகளைக் கேட்கும் பகுதி. ஆ, ஓ போன்ற உயிரோசைகளின் பலம் கீழ்ச் சுருதியில் இருக்கிறது, அவை எப்படியும் கேட்டுவிடும். ஆனால் த, ப, ச, க என்று ஒன்றையொன்று பிரித்துக் காட்டும் சின்ன வெடிப்பும் உரசலும் பெரும்பகுதி மேல் சுருதியில் இருக்கின்றன. அங்கே குறை வந்தால், ஆள் பேசுவது கேட்கும், என்ன பேசுகிறார் என்பது விளங்காது. மழலை பேசும் பிள்ளைகளோடு நாள் முழுக்க இருப்பவர் என்பதால் நீங்கள் இதைச் சீக்கிரம் கண்டுபிடித்துவிட்டீர்கள். வேறு வேலையில் இருந்திருந்தால் இன்னும் சில வருடம் தெரியாமலே போயிருக்கும். காதில் குறும்பி அடைத்தாலும், தடிமனில் காது அடைத்தாலும்கூட இப்படி மங்கலாகக் கேட்கும். அதனால்தான் பரிசோதனை வேண்டும் என்கிறேன்.

தம்பி அளந்த கணக்கைப் பார்ப்போம். ஃபோனின் மைக் பேச்சுக்காகச் செய்தது, பெரிய சத்தத்தில் அது சொல்வதை அப்படியே நம்ப முடியாது. முன்னே பின்னே இருக்கலாம். ஆனாலும் வழிகாட்டிக்குப் போதும். உலக சுகாதார நிறுவனம் பாதுகாப்பாகக் கேட்பதற்கு வைத்திருக்கும் கணக்கு, வளர்ந்தவர்களுக்கு 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணித்தியாலம். டெசிபல் சாதாரணக் கூட்டல் கணக்கு அல்ல. 3 கூடினால் காதுக்குள் இறங்கும் சக்தி இரு மடங்கு, ஆகவே கேட்கக்கூடிய நேரம் பாதி. 83 என்றால் 20 மணித்தியாலம், 86க்கு 10, 89க்கு 5, 92க்கு இரண்டரை. 95க்கு ஒன்றேகால். அது சரியாக உங்கள் ஞாயிறு பாட்டு நேரம். 98 என்றால் 40 நிமிடம்கூட இல்லை. ஒரு வாரத்துக்கு வைத்த காசு முழுவதும் ஞாயிறு காலையிலேயே செலவாகிவிடுகிறது. அதற்கு மேல் சனிக்கிழமைப் பயிற்சி இருக்கிறதா, வெள்ளி உபவாசக் கூட்டம் இருக்கிறதா? ஹட்டனுக்குப் போய்வரும் பஸ்ஸில் போடும் பாட்டையும் இதே கணக்கில்தான் சேர்க்க வேண்டும். காதுக்கு பக்திப் பாட்டு, சினிமாப் பாட்டு, ரோதைச் சத்தம் என்ற பேதம் தெரியாது.

அடுத்தது உங்கள் மண்டபம். குறை வாசிக்கும் பொடியன்களிடம் இருப்பதைவிட அந்தக் கட்டடத்தில்தான் அதிகம் இருக்கிறது. காமன் கூத்துக்குத் தப்பு மேளம் அடிக்கும்போது மலைக்கு அந்தப் பக்கம் வரை கேட்கும், ஆனால் வெளியில் அடிப்பதால் சத்தம் வானத்துக்குப் போய்விடும், திரும்பி வராது. அதே தப்பை உங்கள் மண்டபத்துக்குள் அடித்துப் பாருங்கள். தகரத்தில் மோதி, சீமெந்தில் மோதி, கண்ணாடியில் மோதித் திரும்பத் திரும்பக் காதுக்கே வரும். பொகவந்தலாவைக் குளிருக்கு ஜன்னலையும் சாத்திவிடுகிறோம். ஜூன், ஜூலை மழையில் தகரம் பேரிரைச்சல் போடும், அதற்கு மேல் கேட்க வேண்டும் என்று, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸரில் ஏற்றுவார்கள். மழை விட்ட பிறகு அதை யாரும் இறக்குவதில்லை.

இதில் ஒரு பழைய கதை இருக்கிறது. 1895இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டிய விரிவுரை மண்டபம் ஒன்றில் பேசுவது யாருக்கும் விளங்கவில்லை. ஒரு சொல் சொன்னால் ஐந்து விநாடிக்கு மேல் அது அறைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்யச் சொல்லி வொலஸ் சபைன் என்ற இளம் பௌதிகவியல் ஆசிரியரிடம் விட்டார்கள். அவர் இரவிரவாகப் பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளைச் சுமந்துவந்து மண்டபத்தில் பரப்பி, எத்தனை மெத்தைக்கு எதிரொலி எவ்வளவு குறைகிறது என்று அளந்தார். கட்டட ஒலியியல் என்ற துறையே அங்கிருந்துதான் வளர்ந்தது. ஒலி உறிஞ்சலுக்கு அவர் வைத்த அளவு என்ன தெரியுமா? திறந்த ஜன்னல். ஒரு சதுர அடி திறந்த ஜன்னல் வழியாகப் போன சத்தம் திரும்பி வருவதில்லை, மற்றப் பொருட்கள் எல்லாம் அதோடு ஒப்பிட்டு எவ்வளவு விழுங்குகின்றன என்று கணக்கு. மிக்ஸரில் கைவைக்கும் முன் மண்டபத்தைச் சரிசெய்யச் சொல்வது இதனால்தான்.

எதிரொலிக்கும் மண்டபத்தில் சத்தத்தை ஏற்றினால் சொல் தெளிவாவதில்லை. சொல்லோடு அதன் எதிரொலியும் சேர்ந்து ஏறும். ஒரு சொல்லின் வால் அடுத்த சொல்லின் தலையை மூடும். ஆகவே பிரசங்கம் விளங்கவில்லை என்று யாராவது சொன்னால் ஏற்றுவது பொதுவாகத் தவறான வைத்தியம்.

இப்போது உங்கள் மாமியார். வயதில் மயிர்க்கலங்கள் குறையும்போது சின்னச் சத்தம் கேட்காமல் போகிறது. ஆனால் பெரிய சத்தம் பழையபடி பெரிதாகவே கேட்கும். கேட்கத் தொடங்கும் இடத்துக்கும் வலிக்கத் தொடங்கும் இடத்துக்கும் இடையில் நம் காதில் ஒரு நீண்ட படிக்கட்டு இருக்கிறது என்றால், அவருக்கு அதில் பாதிப் படிகள் இல்லை. மெதுவாகப் பேசினால் ஒன்றுமில்லை, கொஞ்சம் ஏறினால் திடீரென்று தாங்க முடியாது. பாட்டில் நெஞ்சு படபடப்பதும் பிரசங்கம் விளங்காததும் ஒரே காரணத்தால் இருக்கலாம். வாழ்நாள் முழுக்கக் கொழுந்துக் கூடையோடு மலையேறி இறங்கி, ஞாயிற்றுக்கிழமை வந்து உட்காரும் ஓரிடம் அவருக்கு அதுதான். அந்த இடத்தையும் சத்தம் பிடுங்கிக்கொண்டது என்பது எனக்கு உண்மையிலேயே வேதனையாக இருக்கிறது. பாஸ்டரிடம் பேசும்போது டெசிபலில் தொடங்காதீர்கள். “எங்க அத்தை ஏன் வாறதில்லைன்னு தெரியுமா ஐயா?” என்று தொடங்குங்கள். உங்கள் சபையில் இப்படி வீட்டோடு நின்றுவிட்டவர் இன்னும் எத்தனை பேர் என்று அவரே எண்ணிப் பார்க்கட்டும்.

இளம் பிள்ளைகள் இதற்காக வருகிறார்கள் என்று அவர் சொல்வதும் பொய்யில்லை. பெரிய சத்தம் உடம்பைக் கிளறும். இதயம் வேகமாக அடிக்கும், இரத்த அழுத்தம் ஏறும், பேஸ் ஒலி நெஞ்சில் தட்டும். உள்காதில் உடம்பின் சமநிலையைப் பார்க்கும் சிறு பை ஒன்று இருக்கிறது, அதுகூடப் பெரிய சத்தத்துக்கு விழித்துக்கொள்ளும். நாங்கள் சில பரிசோதனைகளுக்கு அதைத்தான் பயன்படுத்துகிறோம். நின்ற இடத்திலேயே அசைகிற மாதிரி உணர்வு அதனால் வரலாம். இது உடம்பு செய்யும் வேலை. அந்த நேரத்தில் உள்ளத்துக்குள் நடப்பதை அளக்க என்னிடம் கருவி இல்லை, அதைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்லவும் மாட்டேன். ஆனால் சத்தத்தைக் குறைத்தால் அருள் குறைந்துவிடும் என்று ஒரு பிள்ளை நம்பி வளர்ந்தால் அது சரியில்லை என்று மட்டும் நினைக்கிறேன். சங்கீதத்துக் கைத்தாளத்துக்கு மின்சாரமும் இல்லை, தலைக்கு மேல் தகரமும் இல்லை.

உங்கள் தொண்டைக்கும் இதே சத்தம்தான் காரணமாக இருக்கும். சுற்றிலும் சத்தம் கூடினால் மனிதர் தம்மை அறியாமலே குரலை உயர்த்துவார். எத்தியேன் லொம்பார்ட் என்ற பிரெஞ்சுக் காது மருத்துவர் 1911இல் இதைப் பற்றி எழுதினார், இன்றும் அவர் பெயரில்தான் சொல்கிறோம். உங்கள் குரல் உங்களுக்கே கேட்காததால் நீங்கள் கத்திப் பாடுகிறீர்கள். திங்கட்கிழமை அதே தொண்டையோடு வகுப்பில் பேச வேண்டும். மூன்று கிழமைக்கு மேல் குரல் கரகரப்பாகவே இருந்தால் தொண்டையையும் காட்டிவிடுங்கள்.

மகன் விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பாக இருப்பேன். பிள்ளைகளுக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்த அளவு 75 டெசிபலில் 40 மணித்தியாலம். அதன்படி 90 டெசிபலில் அவனுக்குக் கிடைப்பதே ஒன்றேகால் மணித்தியாலம்தான். ட்ரம்ஸ் அடிப்பவனின் காதுக்குச் சிம்பல் தட்டு ஒரு முழம் தூரம். அங்கே 100ஐத் தாண்டுவது சாதாரணம், ஸ்பீக்கரே தேவையில்லை. காதுக்குப் பாதுகாப்பு இல்லாமல் அவன் குச்சியைத் தொடக்கூடாது, வீட்டில் பழகும்போதும். பழகுவதற்கு ரப்பர் பலகை போதும். பழைய சைக்கிள் டயரின் ரப்பரைப் பலகையில் ஒட்டியும் செய்துகொள்ளலாம், கை அதே அளவு பழகும். கைப்பிள்ளைகளோடு வரும் தாய்மாரை ஸ்பீக்கர் பக்கம் உட்கார விடாதீர்கள். பிள்ளை தூங்கிவிட்டது, அதற்குச் சத்தம் ஒன்றும் செய்யாது என்பார்கள். தூங்கினாலும் காது மூடிக்கொள்வதில்லை. வயிற்றில் பிள்ளையோடு இருப்பவர்களும் பின்னால் உட்காரட்டும். பேஸ் ஒலி வயிற்றைத் தாண்டிப் போகும், தாய் தன் காதை அடைத்தால் பிள்ளைக்கு அது பாதுகாப்பு இல்லை.

சரி, சபையில் என்ன செய்யலாம்? முதலில் ட்ரம்ஸ். சின்ன மண்டபத்தில் எல்லோருடைய சத்தத்தையும் தீர்மானிப்பது அதுதான். ட்ரம்ஸுக்கு மேல் கிட்டார் கேட்க வேண்டும், கிட்டாருக்கு மேல் கீபோர்ட், அதற்கு மேல் பாட்டு, அதற்கு மேல் பாஸ்டர் என்று ஒவ்வொருவராக ஏற்றிக்கொண்டே போவார்கள். மூலையில் வைத்திருந்தால் வெளியே இழுங்கள், மூலை பேஸ் ஒலியைப் பெருக்கும். கீழே தடித்த கம்பளம் போடுங்கள். தடித்த குச்சிக்குப் பதில் மெல்லிய ஈர்க்குகளைக் கட்டாகக் கட்டிய குச்சி இசைக்கருவிக் கடைகளில் கிடைக்கும், அதற்கே சத்தம் நன்றாக இறங்கும். நூறு பேர் மண்டபத்துக்கு நான்கு பெரிய பொக்ஸ் தேவையில்லை. இரண்டை எடுத்துவிட்டு, மீதி இரண்டையும் தலைக்கு மேல் உயர்த்திப் பின்வரிசையைப் பார்க்கச் சாய்த்து வையுங்கள். தரையில் வைத்தால் முன்வரிசைக்காரர் காதில் அடிக்கும், பின்வரிசைக்குப் போய்ச் சேராது. பாடல் குழுவுக்கு முன்னால் சின்ன ஸ்பீக்கர் ஒன்றைக் கிட்டத்தில் மெதுவாக வைத்தால் உங்கள் குரல் உங்களுக்குக் கேட்கும்.

மண்டபத்துக்குத் தடித்த திரைச்சீலை, முக்கியமாகப் பின்சுவருக்கு. மடிப்பு மடிப்பாகத் தொங்க வேண்டும், சுவரோடு ஒட்டாமல் நாலு விரல் இடைவெளி விட்டால் இன்னும் நல்லது. தரையில் பாய். பணம் சேரும்போது தகரத்துக்குக் கீழே சீலிங் அடித்து, இடையில் பஞ்சு போன்ற ஒலி உறிஞ்சும் பொருளைப் போட்டால் மழைச் சத்தமும் குறையும், எதிரொலியும் குறையும், குளிரும் குறையும். ஸ்பீக்கருக்குச் சேர்த்த காசை அடுத்த தரம் இதற்குச் சேர்க்கச் சொல்லுங்கள். முட்டை அட்டையை மட்டும் ஒட்டாதீர்கள். பலரும் செய்கிறார்கள், பேச்சுக்குப் பெரிய பயன் இல்லை, மெழுகுதிரி பட்டால் பற்றிக்கொள்ளும்.

மிக்ஸரை இயக்குபவரையும் பரிசோதனைக்குக் கூட்டிவாருங்கள். நான் இதை எத்தனையோ தரம் கண்டிருக்கிறேன். வருடக்கணக்காகச் சத்தத்தில் இருந்தவருக்கு மேல் சுருதி மங்கிவிடும். அவர் காதுக்குப் பாட்டு மந்தமாகக் கேட்கும், அதனால் மேல் சுருதியை இன்னும் ஏற்றுவார், மற்ற எல்லோருக்கும் அது ஊசி குத்துகிற மாதிரி இருக்கும். அவரைக் குறைசொல்ல ஒன்றும் இல்லை. அவர் கேட்கிறபடி அவர் செய்கிறார்.

முழு இரவு ஜெபம் நடத்துகிறீர்கள் என்றால் ஒன்று. வெலிகம பள்ளிவாசல் ஒன்றின் ஒலிபெருக்கி வழக்கில் உயர் நீதிமன்றம் 2007இல் கொடுத்த உத்தரவுப்படி, இரவு 10 மணிமுதல் காலை 6 மணிவரை ஒலிபெருக்கிக்குப் பொதுவாக அனுமதி கொடுக்கக்கூடாது; விசேட சமய நிகழ்ச்சிக்கு மட்டும், அயலவரின் கருத்தைக் கேட்டுக் குறுகிய நேரத்துக்குக் கொடுக்கலாம். அது எல்லாச் சமயத்தாருக்கும் பொது. லயத்தில் விடிய எழும்பி மலைக்குப் போக வேண்டியவர்கள் சுவருக்கு அந்தப் பக்கம் தூங்குகிறார்கள் என்பதைச் சட்டம் சொல்லித்தான் நாம் நினைக்க வேண்டும் என்றில்லை.

இதெல்லாம் நடக்க மாதக்கணக்காகும். அதுவரை உங்களுக்கும் மகனுக்கும் காதடைப்பான் வாங்குங்கள். பெரிய பார்மசிகளிலும் பாதுகாப்புச் சாமான் விற்கும் கடைகளிலும் நுரையில் செய்தது மலிவாகக் கிடைக்கும். கையைக் கழுவிவிட்டு, விரலால் உருட்டி மெல்லியதாக்கி, மறு கையால் காதை மேலும் பின்னும் இழுத்துப் பிடித்து உள்ளே வைத்து, அது விரியும்வரை அரை நிமிடம் விரலால் அழுத்திக்கொள்ளுங்கள். பாதி வெளியே நீட்டிக்கொண்டு நின்றால் பாதுகாப்பு இல்லை. பஞ்சும் டிஷ்யூவும் போதாது. இசைக்காரருக்கென்றே செய்த அடைப்பான் இருக்கிறது, அதில் சுருதி மாறாமல் சத்தம் மட்டும் குறையும். விலை கூட, ஆனால் வருடக்கணக்கில் பாடப்போகிறவருக்கு அது நல்ல முதலீடு. யாராவது பார்த்து இது மரியாதைக் குறைவு என்றால், காதைக் காப்பாற்றத்தான் என்று சொல்லிவிட்டுப் பாடுங்கள். பாட்டு நடுவில் பத்து நிமிடம் வெளியே போய் நிற்பதும் காதுக்கு உதவும்.

இரைச்சல் இருக்கும் இரவில் முழு அமைதியில் படுக்காதீர்கள், அமைதியில் அது பெரிதாகத் தெரியும். ரேடியோவை மிக மெதுவாக ஓடவிடலாம். காதில் பூண்டெண்ணெய் விடுவது, தீக்குச்சி போடுவது, பட்ஸ் விட்டுக் குடைவது எல்லாம் வேண்டாம். ஒரு காது திடீரென்று அடைத்துக் கேட்காமல் போனாலோ, தலைசுற்றலோ சீழோ வந்தாலோ கிளினிக் நாளுக்குக் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். திடீர்ச் செவிட்டுக்கு எவ்வளவு சீக்கிரம் மருந்து தொடங்குகிறார்களோ, மீள அவ்வளவு அதிக வாய்ப்பு. வேறு நோய்க்கு ஊசி, மாத்திரை எடுப்பவராக இருந்தால் அந்தக் கொப்பியையும் கொண்டுபோங்கள். சில மருந்துகள் காதையும் பாதிக்கும்.

மற்றபடி, கிட்டிய அரச ஆஸ்பத்திரியின் வெளிநோயாளர் பிரிவில் (ஓபிடி) காட்டி, காது மூக்கு தொண்டை கிளினிக்குக்கு அனுப்பும் துண்டு வாங்குங்கள். செலவில்லை. சத்தமில்லாத அறையில் உட்காரவைத்து, காதில் ஹெட்ஃபோன் மாட்டி, கேட்டவுடன் பட்டனை அழுத்தச் சொல்வார்கள், அரை மணித்தியாலத்தில் முடிந்துவிடும். வலி இல்லை, மகன் பயப்பட ஒன்றும் இல்லை. மாமியாரையும் அதே நாளில் கூட்டிப்போங்கள், அவருக்குக் காதுக்கருவி பொருந்துமா என்று பார்க்கலாம். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். திங்கட்கிழமை போகாதீர்கள். ஞாயிற்றுச் சத்தம் காதில் இருக்கும்போது எடுத்தால் எது நிரந்தரக் குறை, எது ஓய்வில் தேறுவது என்று பிரிக்க முடியாது. பெரிய சத்தம் இல்லாமல் இரண்டு நாளாவது இருந்துவிட்டு, புதனோ வியாழனோ போங்கள். பரிசோதனையில் வரும் கேட்டல் வரைபடத்தின் ஒரு பிரதியைக் கேட்டு வாங்கி வீட்டில் வையுங்கள், மகனுடையதையும். அடுத்த வருடம் அதே மாதம் திரும்ப எடுத்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.